கால் அங்குலத்தைக் காக்கும் பாதம்

இரண்டரை அங்குலச் சதுரத் துண்டுகள் எட்டை ஒரே வரிசையாக இணைக்கிறோம். ஒவ்வொரு தையலுக்கும் கால் அங்குலம் ஓரம். எட்டுத் துண்டும் சேர்ந்து 20 அங்குலம். நடுவில் ஏழு தையல். ஒவ்வொன்றும் இரு பக்கத்திலிருந்தும் கால் கால் அங்குலமாக அரை அங்குலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆக, 16.5 அங்குலப் பட்டி கைக்கு வர வேண்டும். தைத்து முடித்து நாடாவை வைத்தால் 16 அங்குலத்தைக்கூட எட்டவில்லை. வெட்டியதில் பிழையில்லை. தைத்தவரின் கையும் நடுங்கவில்லை. அரை அங்குலம் எங்கே போனது?

ஒவ்வொரு தையலும் ஒரேயொரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இரு பக்கமும் சேர்த்து அது இரண்டு மில்லிமீட்டர். ஏழு தையலுக்கு 14 மில்லிமீட்டர். சட்டையோ பாவாடையோ தைக்கும்போது இதை யாரும் பிழையென்று சொல்லமாட்டார்கள். இடுப்பைச் சுற்றி இரண்டு மூன்று தையல்தான் வரும், துணியும் உடம்போடு இசைந்துகொடுக்கும். துண்டுத்துணிகளை இணைத்துச் செய்யும் போர்வை, அதாவது குயில்ட், அப்படியல்ல. அதில் தையல்கள் நூற்றுக்கணக்கில் வரும். ஒரு வரிசையின் மூலை அடுத்த வரிசையின் மூலையோடு புள்ளிக்குப் புள்ளி பொருந்த வேண்டும். அங்கே ஒரு மில்லிமீட்டர் பெரிய தொகை.

இந்த மில்லிமீட்டரைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே தையல் மெசினுக்குத் தனிப் பாதங்கள் விற்கிறார்கள். அவை எப்படி வேலை செய்கின்றன, எது உண்மையில் தேவை, எது இல்லாமலும் சமாளிக்கலாம் என்பது இலங்கை மலையகத்தில் கொத்மலை போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு உதவக்கூடிய கணக்கு.

மலையகத்தில் இரண்டு மெசின்கள்

சிங்கர் கம்பெனி இலங்கைக்கு வந்தது 1877-இல். கையால் சுற்றுவதும் காலால் மிதிப்பதுமாக அந்தக் கறுப்பு இரும்பு மெசின்கள் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. மலையகத் தோட்டங்களிலும் கால் மெசினை வைத்துப் பாவாடை, சட்டை, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. 1985-இல் கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை அணையின் மின்நிலையம் 201 மெகாவாட் திறன் கொண்டது. மின்சாரம் பக்கத்திலேயே பிறந்தாலும், கால் மெசின் அதன் கடைக்கண் பார்வைகூட இல்லாமல் ஓடும். அதனாலேயே இன்றும் அதற்கு மதிப்பு உண்டு.

இரண்டாவது மெசின் தொழிற்சாலையிலிருந்து அறிமுகமானது. 1978-இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1992-இல் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. லயத்துப் பெண்பிள்ளைகள் பலர் கொழுந்துக் கூடையை விட்டுத் தொழிற்சாலை மெசினில் உட்கார்ந்தார்கள். நிமிடத்துக்கு 5,000 தையல் வரை போகக்கூடிய மெசின் அது. திருமணமாகியோ பிள்ளைகளைப் பார்க்கவோ தோட்டத்துக்குத் திரும்பி வரும்போது, பல்வேறு பாதங்களைக் கழற்றி மாட்டிப் பழகிய கைகளோடு வருகிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் பொருள் அவர்களுக்குப் புதியதல்ல. வீட்டு மெசினுக்கு அது எப்படி வரும் என்பதுதான் புதிது.

துணிக்கும் பஞ்சமில்லை. தொழிற்சாலைகளின் வெட்டுத் துண்டுகள் கிலோ கணக்கில் விலைக்குக் கிடைக்கின்றன. மலையில் இரவுக் குளிரும் இருக்கிறது. துண்டுத்துணிப் போர்வைக்கு வேண்டிய எல்லாம் இங்கே இருக்கிறது. மிச்சம் இருப்பது அளவு.

இரண்டு விதப் பிழைகள்

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் இரண்டு தராசுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று நடுங்கும், ஒரு நேரம் அரைக் கிலோ கூடக் காட்டும், இன்னொரு நேரம் அரைக் கிலோ குறைத்துக் காட்டும். மற்றது நடுங்காது, எப்போதும் அரைக் கிலோ குறைத்தே காட்டும். மாத முடிவில் எந்தத் தராசு அதிகம் பறிக்கும் என்று கொழுந்து எடுப்பவரிடம் கேட்கவே வேண்டியதில்லை. நடுங்கும் தராசின் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். நிலையாகக் குறைக்கும் தராசின் பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

தையலிலும் இதுவே நடக்கிறது. கண்ணால் பார்த்து ஓரம் விடும்போது ஒரு தையல் சற்று அகலமாகவும் அடுத்தது சற்றுக் குறுகலாகவும் விழும். இது நடுங்கும் பிழை. இப்படிப்பட்ட பிழைகள் தையல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும் என்கிறது புள்ளியியல். ஏழு தையலில், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் பிழை என்றால், மொத்தப் பிழை பொதுவாக ஐந்து மில்லிமீட்டர் அளவில் நிற்கும். எல்லாத் தையலும் ஒரே பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் அது 14 மில்லிமீட்டர். இருபத்தைந்து சதுரம் கொண்ட வரிசையில் வித்தியாசம் இன்னும் கண்ணைக் குத்தும்: முதலாவது ஒரு சென்டிமீட்டரை ஒட்டி, இரண்டாவது ஐந்து சென்டிமீட்டரை ஒட்டி.

நல்ல பாதம் முதல் வகைப் பிழையை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடும். இரண்டாவது வகையை அது தானாக ஒழிக்காது. ஆனால் பிழையை ஒரே அளவில் நிறுத்தி வைப்பதால், அளந்து கண்டுபிடித்து ஒரேயொரு முறை திருத்தினால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவரும். பாதத்தின் பெருமை முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. அடிக்கடி மாறும் பிழையைத் திருத்த வழியில்லை. மாறாத பிழையைத் திருத்தலாம்.

ஊசிக்கு அடியில் நடப்பது

பாதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பல்வரிசை. ஊசித்தட்டின் பிளவுகள் வழியாக மேலே எழும், துணியைப் பின்னால் தள்ளும், கீழே இறங்கும், மறுபடி முன்னால் வரும். இந்த நான்கு அசைவுச் சுற்றை அமெரிக்காவின் ஆலன் வில்சன் 1854-இல் காப்புரிமை செய்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1851 ஆகஸ்டில், ஐசக் சிங்கர் தன் மெசினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இன்றைய வீட்டு மெசின்களும் தொழிற்சாலை மெசின்களும் பெரும்பாலும் வில்சனின் நான்கு அசைவையே நம்பி ஓடுகின்றன.

பல் துணியைப் பிடிக்க, மேலிருந்து யாராவது அமுக்க வேண்டும். அதுவே அழுத்தும் பாதத்தின் முதல் வேலை. ஊசி துணியை விட்டு மேலே ஏறும்போது துணியும் கூடவே எழும்பாமல் தடுப்பது இரண்டாவது வேலை. தடுக்காவிட்டால் தையல் விட்டுப்போகும். துணியின் ஓரம் ஊசியிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது என்று காட்டுவது மூன்றாவது வேலை. மெசினோடு வரும் சாதாரணப் பாதம் முதல் இரண்டையும் நன்றாகச் செய்யும். மூன்றாவதைச் செய்வதாக அது வாக்குக் கொடுப்பதில்லை. அகலத் தையலும் (ஜிக்ஜாக்) போடக்கூடிய மெசின்களின் பாதம் அகலமானது. ஊசியிலிருந்து அதன் வலது ஓரம் வரை உள்ள தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கால் அங்குலத்தைத் தாண்டியும் போகும். பாதத்தின் ஓரத்தைப் பார்த்தே துணியை விடுபவரின் தையல் எல்லாம் ஒரே அளவில் தவறுவதற்கு இதுதான் காரணம்.

கால் அங்குலப் பாதம்

கடையில் குவார்ட்டர் இஞ்ச் ஃபுட் என்று கேட்டால் தருவார்கள். ஊசி விழும் இடத்திலிருந்து வலது ஓரம் வரை கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் இருக்கும்படி குறுக்கிச் செய்த பாதம் இது. இரண்டு வகை உண்டு. ஒன்றில் பாதத்தின் ஓரமே எல்லை. துணியின் ஓரம் அதோடு சேர்ந்து ஓடுகிறதா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றதில் வலப்புறம் ஒரு மெல்லிய தகடு கீழ்நோக்கி நிற்கும். துணி அந்தத் தகட்டை உரசிக்கொண்டு போகும். அதைத் தாண்ட முடியாது.

நேரான தையலுக்குத் தகடு வைத்ததே சுலபம். கண்ணின் தீர்ப்பு அங்கே தேவையில்லை, உலோகம் தீர்மானிக்கிறது. தைப்பவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. ஊசிக்கு முன்னால் துணி தகட்டை எங்கே சந்திக்கிறதோ அங்கே பார்வை இருக்க வேண்டும், ஏனென்றால் ஊசிக்கு அடியில் வந்துவிட்ட துணியைத் திருப்ப முடியாது.

வளைந்த ஓரத்துக்கு நிலைமை மாறுகிறது. நீளமான தகடு நேர்கோட்டுக்காகச் செய்தது. வளைவு அதைத் தொடும் இடம் ஊசிக்கு நேராக இருக்காது, முன்னோ பின்னோ இருக்கும். அங்கே ஓரம் கூடக் குறையப் போய்விடும். வளைவுக்குத் தகடு இல்லாத பாதமே சரி. ஊசிக்கு நேரே இருக்கும் அந்த ஒரு புள்ளியை மட்டும் பார்த்துத் தைக்கலாம். பல பாதங்களில் ஊசிக்குக் கால் அங்குலம் முன்னாலும் பின்னாலும் குறி வெட்டியிருக்கும். மூலை திரும்பும் இடத்தில் எங்கே நிறுத்துவது என்பதற்கு அந்தக் குறிகள் உதவும்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பாதத்தில் ஊசி விழும் துளை குறுகலானது. மெசினை அகலத் தையலில் விட்டுவிட்டு மிதித்தால் ஊசி பாதத்தில் மோதி உடையும். துண்டு முகத்தில் தெறிக்கும். பாதத்தை மாட்டியதும் முதலில் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

கால் அங்குலம் கால் அங்குலமாக இருக்கக் கூடாது

சரியாக 6.35 மில்லிமீட்டரில் தைத்தால்கூடப் பட்டி சற்றுக் குறையும். துணிக்குத் தடிமன் இருக்கிறது. தைத்த ஓரத்தை ஒரு பக்கம் மடித்துத் தேய்க்கும்போது, துணி நூலையும் அடியில் உள்ள இரண்டு ஓரங்களையும் ஏறி வளைந்து மடிகிறது. அந்த வளைவுக்கும் துணி செலவாகிறது. ஒரு தையலுக்கு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான், ஆனால் அது எப்போதும் ஒரே பக்கம் போகும் பிழை. மடுவத்தின் இரண்டாவது தராசு.

ஆகவே குயில்ட் செய்பவர்கள் கால் அங்குலத்தை விட ஒன்றிரண்டு இழை குறைத்துத் தைக்கிறார்கள். போர்வைக்கு ஏற்ற பருத்தித் துணியில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இழை ஓடும் என்று கொண்டால், ஓர் இழைக்கும் அடுத்ததற்கும் இடையே 0.4 மில்லிமீட்டர். ஓர் இழை குறைத்தால் மடிப்பு விழுங்குவது ஈடாகிவிடும். தடித்த துணிக்கு இரண்டு இழை தேவைப்படலாம். நூலின் தடிமனும் இந்தக் கணக்கில் சேரும். மெல்லிய நூல் மெல்லிய மடிப்பைத் தரும்.

எவ்வளவு குறைப்பது என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. உங்கள் துணி, உங்கள் நூல், உங்கள் மெசின், நீங்கள் தேய்க்கும் விதம் நான்கும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். அதனால் ஓரத்தை அளப்பதை விட்டுவிட்டு, தைத்து முடிந்ததை அளக்க வேண்டும்.

மூன்று பட்டிச் சோதனை

ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டுங்கள். மூன்றையும் பக்கம் பக்கமாக இணைத்து, ஓரங்களை மடித்துத் தேயுங்கள். நடுப்பட்டி சரியாக ஒரு அங்குலமும் மொத்த அகலம் மூன்றரை அங்குலமும் இருக்க வேண்டும்.

மொத்த அகலத்தை அளப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. இரண்டு தையலும் இரண்டிரண்டு ஓரமும் சேர்வதால், ஒரு தையலில் உள்ள பிழை அங்கே நான்கு மடங்காகத் தெரியும். நான்கு மில்லிமீட்டர் குறைந்தால் ஒவ்வொரு தையலும் ஒரு மில்லிமீட்டர் அகலம். இரண்டு மில்லிமீட்டர் கூடினால் அரை மில்லிமீட்டர் குறுகல். சாதாரண அளவுகோலில் பார்க்க முடியாத பிழையை இந்தச் சோதனை பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது.

திருத்துவது மெசினைப் பொறுத்தது. புதிய மின்மெசின்களில் ஊசியைச் சிறு சிறு படியாக இடம் வலம் நகர்த்தலாம். ஊசியை வலப்பக்கம் நகர்த்தினால் ஓரம் குறையும், இடப்பக்கம் நகர்த்தினால் கூடும். நகர்த்திய பிறகு ஊசி பாதத்தின் துளைக்குள் விழுகிறதா என்று மறுபடி கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய கறுப்பு மெசினில் ஊசி நகராது. நகர வேண்டியது எல்லைதான். அந்த மெசின்களின் மேடையில், ஊசித்தட்டுக்கு வலப்பக்கம், திருகு முடுக்கும் துளைகள் இருக்கும். துணி வழிகாட்டித் தகட்டைப் பொருத்துவதற்காகவே அவற்றைப் போட்டிருக்கிறார்கள். தகட்டைத் தளர்த்தி, அரை மில்லிமீட்டர் தள்ளி, மறுபடி முடுக்கினால் வேலை முடிந்தது. பாதத்தை மாற்றாமலே பாதம் தரும் துல்லியம் கிடைத்துவிடும்.

அந்தத் தகடும் இல்லாதவர்கள் கட்டத்தாளில் கால் அங்குலக் கோடு ஒன்றைப் பார்த்து, அதன் மேல் ஊசியை இறக்கி, தாளின் ஓரம் வந்து நிற்கும் இடத்தில் ஒட்டுநாடாவைப் பல அடுக்காக ஒட்டினால் போதும். துணி உரசிப்போக ஒரு படிக்கட்டு உயரம் கிடைக்கும். நாடா பல்வரிசையின் மேல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முக்கோணத்தில் ஏறும் பிழை

நட்சத்திரம், காற்றாடி போன்ற வடிவங்களுக்குச் சதுரத்தை மூலைவாக்கில் வெட்டிய முக்கோணங்கள் வேண்டும். இங்கே பிழை இன்னும் வேகமாக வளரும். மூலைவாக்கில் போகும் தையல் ஒரு மில்லிமீட்டர் தவறினால், முடிந்த சதுரத்தின் பக்கம் 1.4 மில்லிமீட்டர் குறையும். 45 பாகைச் சாய்வில் இரண்டின் வர்க்கமூலம் வந்து பெருக்கிவிடுகிறது.

குயில்ட் புத்தகங்களில் முக்கோணத்துக்கான சதுரத்தை, வேண்டிய அளவோடு எட்டில் ஏழு பங்கு அங்குலம், அதாவது 0.875 அங்குலம் கூட்டி வெட்டச் சொல்வார்கள். எங்கிருந்தோ வந்த எண் போலத் தோன்றும். அதன் பின்னால் பள்ளிக்கூட வடிவியல்தான் இருக்கிறது. செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கமும் கால் அங்குல ஓரம் சேர்த்தால் ஒவ்வொரு குறும்பக்கமும் 0.25 × (2 + 1.414), அதாவது 0.854 அங்குலம் நீளும். அளவுகோலில் 0.854 கிடையாது. அடுத்துள்ள குறி 0.875. மீதி அரை மில்லிமீட்டர் உபரி. சிலர் ஒரு முழு அங்குலமே கூட்டி வெட்டி, தைத்த பிறகு சரியான அளவுக்கு நறுக்கிவிடுகிறார்கள். துணி சற்று வீணாகும். ஆனால் பிழை அங்கேயே முடிந்துவிடும், அடுத்த துண்டுக்குப் போகாது.

மூலைக்கோடு வரைந்து அதன் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைக்கும் முறையில் தகடு வைத்த பாதம் உதவாது. தகடு உரச ஓரமே இல்லை. தகடில்லாத பாதத்தின் ஓரத்தைக் கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். ஒரே பாதம் எல்லா வேலைக்கும் ஆகாது என்பதற்கு இதுவே போதும்.

மேல்துணி பின்தங்கும்போது

இரண்டு துணியை ஒரே நீளத்தில் வெட்டி வைத்துத் தைத்தால், முடிவில் மேல்துணி கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்பதைத் தைப்பவர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பல் தொடுவது கீழ்த்துணியை மட்டும்தான். மேல்துணி கீழ்த்துணியின் உராய்வால் இழுபடுகிறது. அதே நேரம் பாதத்தின் அடிப்பக்கம் அதை உராய்ந்து தடுக்கிறது. இந்த இழுபறியில் மேல்துணி ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மயிரிழை பின்தங்கும். நூற்றுக்கு ஒரு பங்கு பின்தங்கினாலே ஒரு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்.

சிறு துண்டுகளை இணைக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. இரண்டு துணிக்கும் நடுவே பஞ்சு வைத்து மூன்று அடுக்காகத் தைக்கும்போதுதான் சுருக்கம் விழும். அதற்காக வந்தது வாக்கிங் ஃபுட். இந்தப் பாதத்துக்குள் மேலேயும் ஒரு பல்வரிசை இருக்கிறது. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கை ஊசித்தண்டின் திருகைப் பற்றிக்கொள்ளும். ஊசி ஏறி இறங்கும் அசைவைக் கொண்டே, அடியில் பல் துணியைத் தள்ளும் அதே நேரத்தில் மேற்பல்லும் மேல்துணியைப் பிடித்துத் தள்ளுகிறது. இரண்டு அடுக்கும் ஒரே வேகத்தில் போகும்.

தொழிற்சாலை வெட்டுத் துண்டுகளில் டீ-சேர்ட் துணி போன்ற பின்னல் துணிகள் நிறைய வரும். அவை இழுபடக்கூடியவை. நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் அலையலையாக நெளியும். அங்கே வாக்கிங் ஃபுட் நல்ல உதவி. ஆனாலும் பின்னல் துணியை ஒரு போர்வைக்கும் நெய்த துணியை இன்னொரு போர்வைக்கும் என்று முதலிலேயே பிரித்து வைப்பது அதைவிட நல்லது.

காசு செலவில்லாத இரண்டு வழிகளும் உண்டு. பழைய மெசினின் தலையில், பாதத்தண்டின் மேல், ஒரு திருகு இருக்கும். அதைச் சற்றுத் தளர்த்தினால் அழுத்தம் குறையும், உராய்வும் குறையும். இரண்டு துண்டில் ஒன்று சற்று நீளமாக இருந்தால் அதைக் கீழே வைத்துத் தைக்கலாம். கீழ்த்துணியை முன்னுக்குத் தள்ளும் பல்லின் பழக்கம் அப்போது உபரி நீளத்தைத் தானே உள்வாங்கிக்கொள்ளும்.

தொழிற்சாலைப் பாதம் வீட்டுக்கு வருமா?

தொழிற்சாலையில் ஓரத்தை ஒட்டி மேல்தையல் போடக் காம்பன்சேட்டிங் ஃபுட் மாட்டுவார்கள். அதன் இரண்டு விரல்களும் தனித்தனியே ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும். தடித்த பக்கத்தில் ஒன்று உயர்ந்து, மெல்லிய பக்கத்தில் மற்றது தாழ்ந்து, தாழ்ந்த விரலே மதில்போல் நின்று தூரத்தைக் காக்கும். பதினாறில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு, கால் அங்குலம் என்று அளவுக்கொன்று உண்டு. துணி மடிந்து உயரம் மாறும் இடத்தில் இது அற்புதமாக வேலை செய்யும். வெட்டிய ஓரங்கள் இரண்டும் ஒன்றாகப் போகும் இணைப்புத் தையலில் அந்த உயர வித்தியாசம் சிறியது. அங்கே மேடையில் பொருத்தும் வழிகாட்டித் தகடே நம்பகமானது.

இந்தப் பாதத்தை அப்படியே வீட்டு மெசினில் மாட்டவும் முடியாது. பாதம் பொருந்தும் தண்டின் உயரம் வேறு. பாதத்தைக் கீழே இறக்கி, ஊசித்தட்டிலிருந்து பாதத்தின் திருகு நடு வரை அளந்து பாருங்கள். முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் குட்டைத் தண்டு. வீட்டு மெசின்களில் பெரும்பாலானவையும் பழைய சிங்கர்களில் பலவும் இந்த வகை. ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால் உயரத் தண்டு. தொழிற்சாலை மெசின்கள் அப்படி. சிங்கரின் சில மாதிரிகளில் தண்டு சாய்ந்தே இருக்கும்; அவற்றுக்கு அவற்றுக்கென்று செய்த பாதமே பொருந்தும். பாதம் வாங்கப் போகும்போது மெசினின் பெயரை விட இந்த அளவைச் சொல்வதே கடைக்காரருக்கு உதவும்.

பாதத்தால் முடியாதவை

வெட்டும்போது கோணிய துணியைப் பாதம் நிமிர்த்தாது. துல்லியத்தின் பாதி கத்தரிக்கோலில் இருக்கிறது. துணியை இழைவாக்கில் வைத்து வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டிய ஓரம் தேய்க்கும்போதே இழுபட்டு நீளும். இஸ்திரியைத் தள்ளித் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அமுக்க வேண்டும்.

மலைக்காலநிலையும் கணக்கில் வரும். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 65 சதவீத ஈரப்பதத்தில் அது தன் எடையில் ஏழெட்டுச் சதவீதம் நீரை வைத்திருக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கொத்மலைக் காற்றில் இன்னும் கூடும். ஈரத்தில் நூல் உப்பும், உப்பிய நூல் துணியை நீளத்தில் சுருக்கும். ஈரம் ஏறிய துணியை வெட்டி, பிறகு சூடான இஸ்திரியால் காயவைத்தால் அளவு மாறிவிடும். அதனால் புதுத் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து, தேய்த்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். இரும்புப் பாதத்திலும் ஊசித்தட்டிலும் துரு பிடித்தால் உராய்வு கூடி மேல்துணி இன்னும் பின்தங்கும். மழைக்காலத்தில் ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விட்ட துணியால் துடைத்து வைப்பது பாதத்துக்கும் ஆயுள்.

துணியின் மூலையை ஊசி துளைக்குள் அமுக்கிச் சிக்கவைப்பது இன்னொரு தொல்லை. அகலத் தையல் மெசினின் ஊசித்தட்டில் துளை நீளமானது. மூலை அதற்குள் போய்விடும். ஒற்றைத் துளைத் தட்டு இதைத் தடுக்கும். பழைய நேர்த்தையல் மெசின்களில் அந்தத் தட்டுதான் பிறப்பிலேயே இருக்கிறது. இணைப்புத் தையலைப் பொறுத்தவரை புதுமின்மெசினை விட அந்தக் கறுப்பு மெசின் ஒரு படி முன்னே நிற்கும் இடம் இது. தட்டு இல்லாவிட்டால், ஒரு வேண்டாத துண்டில் தையலைத் தொடங்கி அப்படியே உண்மையான துண்டுக்குள் ஓட்டிவிடலாம்.

துல்லியம் எல்லாப் போர்வைக்கும் வேண்டுமா?

வேண்டாம். கர்நாடகத்தின் வட கன்னடத்தில் சித்தி சமூகப் பெண்கள் செய்யும் கவந்தி போர்வை, வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கையால் தைத்துக்கொண்டே போவது. கிடைத்த துண்டு கிடைத்த அளவில் அடுத்ததன் மேல் ஏறி அமரும். புள்ளிக்குப் புள்ளி பொருந்த வேண்டிய மூலையே அதில் கிடையாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கொண்டு கோணல்மாணலாக இணைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்கின. பின்னர் தபால் தலையிலும் ஏறின. சென்னையில் 2019-இல் நடந்த குயில்ட் விழாவைப் போன்ற கண்காட்சிகளிலும் அளவு தவறாத நட்சத்திரங்களும் அளவுக்கு அடங்காத துண்டுகளும் அருகருகே இருக்கத்தான் செய்யும்.

நட்சத்திரம் வேண்டுபவருக்கு மில்லிமீட்டர் முக்கியம். கதகதப்பு மட்டும் வேண்டுபவருக்கு அது முக்கியமில்லை. விற்பதற்காகச் செய்பவருக்கு முக்கியம். அவர் பத்துப் போர்வை செய்தால் பத்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும், வாங்குபவர் முதலில் பார்ப்பது மூலைகளைத்தான்.

செலவழிக்க முடிவெடுத்தால் வரிசை இதுதான். முதலில் தண்டின் உயரத்தை அளந்து, தகடு வைத்த கால் அங்குலப் பாதம் ஒன்று. முக்கோணமும் வளைவும் செய்யத் தொடங்கினால் தகடில்லாதது ஒன்று. பஞ்சு வைத்து மூன்றடுக்காகத் தைக்கும் நாள் வந்தால் வாக்கிங் ஃபுட். அதற்கு முன்னால் வாங்கினால் அது பெட்டியில்தான் கிடக்கும். இவை எதையும் வாங்குவதற்கு முன், இன்று கையில் இருக்கும் மெசினில் மூன்று பட்டியைத் தைத்து அளந்து பாருங்கள். மொத்தம் மூன்றரை அங்குலம் நின்றால், உங்கள் மெசினுக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை.